காகிதக் கொக்கு சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்கும் வழி

காகிதக் கொக்கு மடிக்கக் கற்றுக்கொடுக்கும் படங்களும் காணொளிகளும் நிறைய இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை, மடிப்பவர் கையில் எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று எண்ணிக்கொண்டு சொல்லப்பட்டவை. பாதி வழியில் தாள் முரண்டு பிடித்தால் என்ன செய்வது என்பதற்கு அவற்றில் பதில் கிடைப்பதில்லை. கோடை விடுமுறைக்குக் காரைக்குடிக்கு வரும் என் பேரப்பிள்ளைகளும் அவர்களுடைய கூட்டாளிகளும் எங்கள் வளவில் உட்கார்ந்து மடித்து, வராமல் போட்டுவிட்டுப் போன கொக்குகளைப் பல ஆண்டுகளாக எடுத்துப் பிரித்துப் பார்த்து வருகிறேன். கொக்கில் ஒரு பிழை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அது பிறந்திருப்பதில்லை என்பதை அப்படிப் பிரித்துப் பார்த்துத்தான் அறிந்துகொண்டேன். இரண்டு மூன்று மடிப்புகளுக்கு முன்பே அது பிறந்து, தாளுக்குள் ஒளிந்திருந்து, கழுத்தை மடிக்கும்போதுதான் வெளியே வருகிறது. தெரிந்த இடத்திலேயே இழுத்தும் அழுத்தியும் சரிசெய்யப் பார்த்தால் தாள்தான் கிழியும். ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும், எந்த மடிப்பு வரை பின்னால் போக வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

முதலில் சில சொற்கள். தாள் நம்மை நோக்கி மடிந்து, கோடு பள்ளமாக விழுந்தால் அது பள்ள மடிப்பு. நமக்கு எதிர்ப்புறமாக மடிந்து, கோடு மேடாக நின்றால் அது மேட்டு மடிப்பு. ஒரு பக்கத்தில் பள்ளமாக இருப்பது தாளைத் திருப்பினால் மேடாகிவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கொக்கின் வரிசை இதுதான்: சதுரத் தாளை நான்கு மூலைகளும் ஓரிடத்தில் கூடும்படி குவித்துச் சிறு சதுரமாக்குவது சதுர அடிமடிப்பு, அதன் முன்னும் பின்னும் இதழ்போலத் தூக்கி நீண்ட சாய்சதுரமாக்குவது பறவை அடிமடிப்பு, பிறகு பிளந்திருக்கும் இரு கால்களையும் மெலிதாக்கி, ஒன்றைக் கழுத்தாகவும் மற்றொன்றை வாலாகவும் உள்வழியாக மேலே திருப்பி, தலையை மடித்து, சிறகைத் தாழ்த்தினால் கொக்கு.

முதல் மடிப்பிலேயே மூலைகள் ஒட்டவில்லை

தாள் சதுரமாக இல்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இருக்க முடியாது. ஏ4 தாள் 21 செ.மீ. அகலமும் 29.7 செ.மீ. நீளமும் கொண்டது. அதில் ஒரு மூலையைச் சாய்வாக மடித்து, மிஞ்சும் பட்டையை நறுக்கி எடுப்பதுதான் வீட்டு வழக்கம். நறுக்கும்போது கத்தரி சற்று விலகினாலும் மூலைவிட்டத்தில் மடித்தால் பொருந்துவதுபோலத் தோன்றும் ஒரு தாள் கிடைத்துவிடும். மூலைவிட்டத்தில் பொருந்துவது மட்டும் சதுரத்துக்குச் சான்றாகாது. காற்றாடி (பட்டம்) வடிவத் தாள்கூட ஒரு மூலைவிட்டத்தில் அழகாகப் பொருந்தும். நேர் நடுவில் புத்தகம்போல மடிப்பது பொருந்துவதும் சான்றாகாது. நீள்சதுரமும் அப்படிப் பொருந்தும். ஒரு மூலைவிட்ட மடிப்பும் ஒரு நடு மடிப்பும் ஆகிய இரண்டும் ஒரே தாளில் பொருந்தினால் அது சதுரமாகத்தான் இருக்க முடியும். இந்த இரண்டு சோதனைக்கும் அரை நிமிடம்கூட ஆகாது.

ஒருமுறை நகரத்துக் கடை ஒன்றில், சதுரமாகவே நறுக்கிக் கட்டிய வண்ணத் தாள் கட்டு ஒன்றை வாங்கி வந்தேன். அந்தக் கட்டிலிருந்து பிள்ளைகள் மடித்த இருபது கொக்குகளும் ஒரே பக்கமாகக் கழுத்தைச் சாய்த்து நின்றன. இருபது பிள்ளைகளும் ஒரே தவறைச் செய்திருக்க முடியாது என்பதால் மடிக்காமல் இருந்த தாள்களை அளந்தேன். ஒரு பக்கம் மற்றதைவிட இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது. கட்டாகச் சேர்த்து வெட்டியபோது நேர்ந்த பிழை கட்டு முழுவதிலும் இருந்திருக்கிறது. கடையில் வாங்கிய சதுரம் என்பதற்காகச் சோதனையை விட்டுவிட வேண்டாம்.

எங்கள் வீட்டில் சோதனைக் கருவியாக இருப்பது, தளம் போட்டபோது மிஞ்சிய 8 அங்குல ஆத்தங்குடிக் கல் ஒன்று. அது சட்டத்துக்குள் வார்க்கப்படுவதால் மூலை செங்கோணமாக இருக்கிறது. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி வார்ப்பதால், பூவேலை உள்ள முகம் கண்ணாடிபோலவே வழுவழுப்பாக இருக்கிறது. தாளின் மூலையை அந்தக் கல்லின் மூலையோடு சேர்த்துக் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பார்த்தால், கோணம் தவறிய தாளின் ஓரத்தில் நூல் அளவு வெளிச்சம் தெரியும். பிறகு அதே கல்லின் முகத்தை மடிக்கும் பலகையாகவும் வைத்துக்கொள்ளலாம். பாயின் மேலோ மடியிலோ வைத்து மடித்த கோட்டுக்கும், அந்தக் கல்லின் மேல் வைத்து நகத்தால் இழுத்த கோட்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒருமுறை பார்த்தவர்கள் பாய்க்குத் திரும்பமாட்டார்கள்.

குவிக்கும்போது சதுரம் வராமல் முக்கோணம் வருகிறது, அல்லது தாள் குவியவே மறுக்கிறது

"ஆயா, எனக்கு மட்டும் முக்கோணமா வருது" என்று பேத்தி தாளைக் கொண்டுவந்து நீட்டியபோது, "தாளைத் திருப்பிப் பிடி ஆத்தா, நடுவை அந்தப் பக்கமிருந்து தள்ளு" என்று மட்டும் சொன்னேன். தள்ளியதும் அவள் கையிலேயே சதுரம் குவிந்தது. ஆனால் வெள்ளைப் பக்கம் வெளியே இருந்தது. அவள் தவறு எங்கே நடந்தது என்பதை அந்த வெள்ளைதான் காட்டியது.

சதுர அடிமடிப்புக்கு, வண்ணப் பக்கம் மேலே இருக்கும்போது இரண்டு மூலைவிட்டங்களையும் மடித்து விரிக்க வேண்டும்; தாளைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்போது இரண்டு நடுக்கோடுகளையும் மடித்து விரிக்க வேண்டும். அப்போது வெள்ளைப் பக்கத்திலிருந்து பார்த்தால் நடுக்கோடுகள் இரண்டும் பள்ளமாகவும் மூலைவிட்டங்கள் மேடாகவும் இருக்கும். தாளின் மூலைகளைப் பிடித்து உள்ளே நகர்த்தினால் தாள் தானாகவே குவியும். இதை மாற்றி, வண்ணப் பக்கத்தில் நடுக்கோடுகளும் வெள்ளைப் பக்கத்தில் மூலைவிட்டங்களும் மடித்துவிட்டால் முக்கோணமாகக் குவியும். அது வேறொரு நல்ல அடிமடிப்பு. காற்றூதும் பந்து அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் கொக்குக்கு அது உதவாது.

எல்லாக் கோடுகளையும் வெள்ளைப் பக்கத்திலேயே மடித்திருந்தால் தாள் எந்தப் பக்கமும் குவியாமல் கிண்ணம்போல நிற்கும். அதை அமுக்கிக் குவிக்க முயல வேண்டாம். நடுவில் சுருக்கம் விழுந்துவிடும். பின்னால் அந்த நடுப்புள்ளிதான் கொக்கின் முதுகாக வரப்போகிறது. தாளை முழுவதும் விரித்து, வண்ணப் பக்கம் மேலே வரும்படி திருப்பி, மூலைவிட்டங்களை மட்டும் பழைய கோட்டின் மேலேயே எதிர்த்திசையில் நகத்தால் மடித்துவிட்டால் போதும்.

இதழ் எழும்பவில்லை, எழும்பினாலும் கோணலாக இருக்கிறது

பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் விட்டுவிட்டுப் போகிறார்கள். ஆகவே இதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

இதழ் கொஞ்சமும் எழும்பவில்லை என்றால், சதுரம் தலைகீழாக இருக்கிறது. சிறு சதுரத்தின் ஒரு முனையில் நான்கு தாள் மூலைகளும் தனித்தனியாகத் திறந்திருக்கும்; எதிர்முனையில் தாளின் நடு மூடியிருக்கும். திறந்த முனை உங்களை நோக்கி இருக்க வேண்டும். பக்க ஓரங்களை நடுக்கோட்டுக்கு மடிக்கும் மடிப்பு அந்தத் திறந்த முனையிலிருந்து தொடங்க வேண்டும். மூடிய முனையிலிருந்து தொடங்கினால் வெளித்தோற்றம் அதே காற்றாடி வடிவமாகத்தான் இருக்கும்; ஆனால் தூக்குவதற்கு அங்கே மூலை இருக்காது.

எழும்புகிறது, ஆனால் படகுபோல விரிந்து நிற்கிறது, ஓரங்கள் நடுவில் சேர மறுக்கின்றன என்றால், கோடுகள் திசை மாறவில்லை என்று பொருள். பக்க ஓரங்களை நடுவுக்கு மடித்தபோது மேல் தாளில் விழுந்த இரண்டு கோடுகளும் பள்ளமானவை. இதழைத் தூக்கும்போது அதே கோடுகள் மேடாகத் திரும்ப வேண்டும். பழைய திசையிலேயே ஊறிப்போன கோடு தானாகத் திரும்பாது. இதழைப் பாதி தூக்கிய நிலையில் நிறுத்திவிட்டு, திறந்த முனையிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு கோட்டையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே கிள்ளிக் கிள்ளி மேடாக்கிக்கொண்டே போங்கள். இரண்டு பக்கமும் கிள்ளி முடிந்ததும், படகின் ஓரங்கள் ஒன்றையொன்று தேடிப் போவதுபோல நடுவில் வந்து படுத்துவிடும். இழுக்கவே தேவையில்லாத அளவுக்கு எளிதாக அது நடக்க வேண்டும். இழுக்க வேண்டியிருந்தால் இன்னும் ஒரு கோடு திரும்பாமல் இருக்கிறது.

இதழின் அடியில், குறுக்குக் கோட்டின் அருகே துணி சுருங்கியதுபோலச் சுருக்கம் விழுந்தால், மேலே உள்ள சிறு முக்கோணத்தை முன்கூட்டியே அழுத்தமாக மடித்துவைக்கவில்லை. அந்த முக்கோணத்தை முன்னும் பின்னும் ஒருமுறை மடித்து, குறுக்குக் கோடு நூல் பிடித்ததுபோல விழுந்த பிறகுதான் இதழைத் தூக்க வேண்டும். இதழின் முனை வலப்புறமோ இடப்புறமோ சாய்ந்திருந்தால், பக்க மடிப்புகளில் ஒன்று நடுக்கோட்டைத் தாண்டியிருக்கிறது அல்லது எட்டாமல் நிற்கிறது. சாய்ந்த முனையை நேராக்காமல், பக்க மடிப்பைப் பிரித்து மீண்டும் மடிக்க வேண்டும். அப்படி மடிக்கும்போது இரண்டு ஓரங்களும் நடுவில் முட்டும்படி வைக்காமல், முடி நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு மடிப்பது நல்லது. ஓரங்கள் முட்டிக்கொண்டிருந்தால், பின்னால் காலை மெலிதாக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தடித்துவிடும்.

பின்புறமும் இதழைத் தூக்கிப் பறவை அடிமடிப்பு முடிந்ததும் ஓர் அளவு பார்க்கலாம். அதன் மேல்முனையிலிருந்து கீழ்முனை வரை உள்ள நீளம், நீங்கள் எடுத்த சதுரத் தாளின் ஒரு பக்கத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். 15 செ.மீ. தாளில் மடித்தால் முனையிலிருந்து முனைக்கு 15 செ.மீ.; குறுக்குக் கோட்டுக்கு மேலே 7.5, கீழே 7.5. இது தற்செயலாக அமைவதன்று. பக்க ஓரத்தை நடுக்கோட்டின் மேல் கொண்டுவந்து படுக்கவைக்கும்போது, தாளின் பாதிப் பக்கம் அப்படியே நடுக்கோட்டின் மேல் வந்துவிடுகிறது. அது முடியும் இடத்தில்தான் குறுக்குக் கோடு விழுகிறது. அதே கட்டிலிருந்து மடிக்காத தாள் ஒன்றை அருகில் வைத்துப் பாருங்கள். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் குறைந்தால் மேற்கொண்டு போகாமல் இங்கேயே பிரித்துத் திருத்துவது நல்லது. இந்த அளவு சரியாக இருந்தால், இதற்குப் பிறகு வரும் பிழைகள் எல்லாம் சிறியவையே.

சிறகு குச்சிபோல இருக்கிறது, கழுத்து தடித்திருக்கிறது

மெலிதாக்கும் மடிப்பைத் தவறான முனையில் போட்டிருக்கிறீர்கள். சாய்சதுரத்தின் ஒரு பாதி நடுவில் பிளந்து இரண்டு கால்களாக இருக்கும். மறுபாதி பிளவில்லாமல் முன்னும் பின்னுமாக இரண்டு இதழ்களாக இருக்கும். பிளந்த பாதியைத்தான் மெலிதாக்க வேண்டும். பிரித்து, தலைகீழாகத் திருப்பி, மீண்டும் மடியுங்கள். சிறகில் விழுந்த வேண்டாத கோடு சற்றுத் தெரியத்தான் செய்யும்.

கழுத்தை மேலே திருப்பும்போது கிழிகிறது, அல்லது வெள்ளை தெரிகிறது

கழுத்தை வெளிப்புறமாக வளைத்து மேலே கொண்டுவந்தால் அடியில் வெள்ளை தெரியும், தடிக்கும். கழுத்து இரண்டு சிறகுகளுக்கும் நடுவே, உள்வழியாகத் திரும்ப வேண்டும். முதலில் காலை வேண்டிய சாய்வில் மேலே மடித்துக் கோடு போட்டுக் கீழே இறக்கிவிடுங்கள். பிறகு அந்தக் காலின் இரு பக்கங்களையும் பழுத்த மொச்சைக்காயைப் பிளப்பதுபோலச் சற்றே திறந்து, முனையை நடுவே மேலே தள்ளி மூடுங்கள்.

ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு இது கைக்கு வராது. அவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. முன்புறத்தில் ஒரு மடலையும் பின்புறத்தில் ஒரு மடலையும் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவதுபோலப் புரட்டினால், மெலிந்த கால்கள் முன்னும் பின்னுமாக வந்துவிடும். அவற்றை அப்படியே நேராக மேலே மடித்து, பக்கங்களைத் திரும்பவும் புரட்டி மூடிவிட்டு, கழுத்தையும் வாலையும் வேண்டிய சாய்வுக்கு வெளியே இழுத்து அடியில் அழுத்தினால் போதும். விளைவு ஒன்றுதான்.

கிழிவது பெரும்பாலும் இரண்டு கால்களும் பிரியும் கவட்டில்தான். ஒரே கோட்டை மூன்று நான்கு முறை மாற்றி மாற்றி மடித்தால் அந்த இடத்தில் நார் அறுந்துவிடும். சாய்வை முடிவுசெய்துவிட்டு ஒருமுறை மட்டும் கோடு போடுங்கள். எந்தச் சாய்வு அழகு என்று பிள்ளைகள் கேட்டால், திருப்பத்தூர் அருகே உள்ள வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குக் குளிர்காலத்தில் அழைத்துப் போய்க் காட்டுவேன். பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். அங்கே வரும் நத்தைகுத்தி நாரை கழுத்தை நீட்டிக்கொண்டு பறக்கும். கொக்கு கழுத்தை மடக்கிக்கொண்டு பறக்கும். நாம் பேச்சில் கொக்கு என்றாலும், ஜப்பானியர் மடிக்கும் இந்தப் பறவை கழுத்தை நீட்டிப் பறக்கும் இனத்தைச் சேர்ந்தது. நாரையின் நீண்ட கழுத்தைக் கண்ணால் பார்த்த பிள்ளை, பிறகு அளவு கேட்பதில்லை.

அலகு பிளக்கிறது

கழுத்து முனையில் பல அடுக்குகள் சேர்ந்திருப்பதால் தலை மடிப்புக்குத் தாள் இடங்கொடுக்காது. 15 செ.மீ. தாளில் தலைக்கு ஒரு செ.மீ. போதும். அதையும் கழுத்தைப் போலவே உள்வழியாகத் திருப்ப வேண்டும். அலகு இரண்டாகப் பிளந்து நிற்பது, காலை மெலிதாக்கியபோது முன்பக்க மடிப்பும் பின்பக்க மடிப்பும் ஒரே அளவில் இல்லாததால் வருவது. கோந்து தடவி ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை; அடுத்த கொக்கில் முனையைக் கவனித்து மடித்தால் தீர்ந்துவிடும்.

உடல் உப்பவில்லை, கொக்கு சாய்ந்து விழுகிறது

சிறகுகளைத் தாழ்த்திய பிறகு, அவற்றின் நுனியைப் பிடித்து இழுக்கக் கூடாது. உடலோடு சேரும் அடிப்பாகத்தை இரு கைகளாலும் பிடித்து மெதுவாக வெளிப்புறம் இழுத்தால் நடு முதுகு விரிந்து தட்டையாகும். விரியாமல் அடம் பிடித்தால், அடியில் உள்ள சிறு துளை வழியாக ஒருமுறை ஊதிவிட்டு இழுங்கள். முதுகின் உச்சியில் கிழிந்தால், அது குவிக்கும்போதே நைந்துபோன நடுப்புள்ளி. அதற்கு அந்தத் தாளில் மருந்தில்லை. கொக்கு முன்னோக்கிக் குப்புற விழுந்தால் கழுத்தின் சாய்வையும் வாலின் சாய்வையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கவாட்டில் சாய்ந்தால், சிறகுகள் இரண்டும் ஒரே உயரத்தில் மடிந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

மடித்தது தானாகப் பிரிகிறது, அல்லது கோட்டில் வண்ணம் உதிர்கிறது

இது கையின் குற்றமன்று, தாளின் குற்றம். திருமண அழைப்பிதழ் அட்டையும், பிள்ளைகள் பள்ளியில் பயன்படுத்தும் சார்ட் அட்டையும் கொக்குக்குத் தடிமன் கூடியவை. வழவழப்புப் பூசிய மாதக் காலண்டர் தாள் பார்க்க அழகாக இருந்தாலும் மடித்த கோட்டில் வண்ணம் வெடித்து வெள்ளை தெரியும். பழகுவதற்குச் சதுர மீட்டருக்கு 70 முதல் 80 கிராம் எடைகொண்ட சாதாரண ஜெராக்ஸ் தாளே நல்லது. அதில் 21 செ.மீ. சதுரம் கிடைக்கும், கோடும் நிலைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே தாள் ஈரம் ஏறித் துவண்டுவிடும். மடிப்பதற்கு முந்தைய இரவு, தடித்த புத்தகத்துக்குள் வைத்துவிட்டால் ஓரளவு மீளும்.

செட்டிநாட்டில் கொட்டான் முடையும் பெண்கள் பனை ஓலையை நனைத்துப் பதப்படுத்திய பிறகே முடைவார்கள். காய்ந்த ஓலை மடிப்பில் ஒடிந்துவிடும். தடித்த தாளுக்கும் இந்த வழி உண்டு. காகித மடிப்புக் கலையான ஒரிகாமியின் தற்கால ஆசானாகப் போற்றப்படும் அகிரா யோஷிசாவா (1911–2005) தடித்த தாளை இலேசாக ஈரப்படுத்தி, விலங்குகளின் உடல் வளைவுகளை அதில் கொண்டுவந்தார். ஆனால் மெல்லிய சாதாரணத் தாளுக்கு ஈரம் ஆகாது; கோடு விழும் இடத்திலேயே பிய்ந்துவிடும். கொக்குக்கு ஈரத்தை எண்ணவே வேண்டாம். மடித்து முடித்ததும், சிறகை விரிக்கும் முன், அந்த ஆத்தங்குடிக் கல்லின் கீழ் ஓர் இரவு வைத்து எடுத்தால் போதும்.

மாலையில் கோத்த கொக்குகள் தலைகீழாகத் தொங்குகின்றன

ஹிரோஷிமா நாளான ஆகஸ்டு 6-ஆம் தேதிக்காகப் பள்ளிகளில் பிள்ளைகள் கொக்கு மாலை கோப்பதுண்டு. அணுகுண்டின் கதிர்வீச்சுக்கு ஆளாகி, 1955-இல் தன் 12-ஆவது வயதில் இறந்த சடாகோ சசாகி, நோய்ப்படுக்கையில் கொக்குகளை மடித்துக்கொண்டிருந்ததை நினைத்து அது செய்யப்படுகிறது. அந்த மாலையில் கொக்குகள் கவிழ்ந்து கிடந்தால் பார்ப்பதற்கே மனம் வருந்தும். ஊசியைச் சிறகின் வழியாகவோ கழுத்தின் அடியிலோ குத்தியிருப்பார்கள். உடலின் அடியில் உள்ள துளை வழியாக ஊசியை நுழைத்து, முதுகின் உச்சிப் புள்ளியில் வெளியே எடுக்க வேண்டும். எடை அந்தப் புள்ளியின் இருபுறமும் சமமாக நிற்கும். அடிக்கொக்கின் கீழே நூலில் ஒரு சிறு பாசிமணியைக் கோத்து முடிச்சுப் போட்டுவிட்டால் மேலே உள்ளவை நழுவி இறங்காது. நூலை இறுக்கிக் கட்டினால் மணி தாளை அறுத்துக்கொண்டு மேலேறிவிடும் என்பதால், முடிச்சுக்கு முன் ஒரு விரல்கடை நூலைத் தளர்வாக விட்டுவிடுங்கள்.